தேடல் முடிவுகளை உருவி எடுக்க ரெகெக்ஸா, பார்சரா, ஏபிஐயா?

தேடுபொறியில் ஒரு சொல்லைக் கொடுத்தால் வரும் பக்கத்திலிருந்து தலைப்பு, இணைப்பு, சுருக்கம், படத்தின் முகவரி ஆகியவற்றை மட்டும் நிரல் வழியாக எடுக்க வேண்டும். தேவை இவ்வளவுதான். பத்து வரியில் முடிகிற வேலை போலத் தெரியும்: பக்கத்தை இறக்கு, ரெகெக்ஸ் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடிப் பிடிக்கும் குறியீடு) ஒன்றை ஓட்டு, பட்டியல் கையில். முதல் நாள் அப்படித்தான் நடக்கவும் செய்யும்.

இந்தப் பேச்சு எடுத்தாலே "ஹெச்டிஎம்எல்லை (வலைப்பக்கம் எழுதப்படும் மொழி) ரெகெக்ஸால் படிக்கக் கூடாது" என்று ஒருவர் சொல்வார், "எனக்கு ஓடுகிறதே" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் உண்மைதான், ஆனால் முடிவெடுக்க இரண்டாலும் உதவி இல்லை. தேடல் முடிவுப் பக்கம் நம் நிரலுக்காக எழுதப்பட்டதல்ல. அதை வைத்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார், நம்மிடம் சொல்லவும் மாட்டார். ஆகவே எந்த வழியில் போனாலும் ஒரு நாள் உடையத்தான் போகிறது. உடையும்போது சத்தம் போட்டு நிற்கிறதா, சத்தமில்லாமல் தப்பான தகவலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

வெறும் ரெகெக்ஸ்

ரெகெக்ஸுக்கு எதிராகச் சொல்லப்படும் கோட்பாட்டுக் காரணம் பழையது. ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய அமைப்பை, எத்தனை அடுக்கு திறந்தது என்று நினைவு வைத்துக்கொள்ள முடியாத ஒரு வடிவத்தால் முழுமையாகப் பிடிக்க முடியாது. கணிதவியலாளர் ஸ்டீபன் க்ளீனி 1950-களில் ரெகெக்ஸின் கணிதத்தை வகுத்தார், கென் தாம்சன் 1968-ல் அதை உரையில் தேடும் வழிமுறையாக வெளியிட்டார். அன்றைய நோக்கம் சாதாரண உரைதான். இருந்தாலும் தேடல் முடிவுகளைப் பொறுத்தவரை இந்தக் காரணம் பெரிய தடையே இல்லை. பக்கத்தின் அடுக்கு மரம் முழுவதும் நமக்கு வேண்டாம். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் பத்துத் துண்டுகள் போதும்.

தொல்லை வருவது நடைமுறையில். படத்தின் டேகில் (படத்தைக் குறிக்கும் ஹெச்டிஎம்எல் குறியில்) முகவரி முதலில், மாற்றுரை (படம் தெரியாதபோது காட்டும் உரை) அடுத்து என்று நினைத்து வடிவம் எழுதியிருப்போம். ப்ரௌசருக்கு டேகுக்குள் வரும் இந்த ஆட்ரிப்யூட்டுகளின் வரிசை ஒரு பொருட்டே இல்லை. நாளை இரண்டும் இடம் மாறினால் பக்கம் பார்வைக்கு அப்படியே இருக்கும், நம் பட்டியல் மட்டும் காலி. டேகை `<[^>]*>` என்று பிடிப்பவர்களுக்கு மாற்றுரையில் "5 > 3" என்று ஒரு படம் வந்தால் போதும், டேக் பாதியிலேயே முடிந்துவிடும். மேற்கோளுக்குள் `>` வருவது ஹெச்டிஎம்எல்லில் முறையானதுதான். முகவரிகளில் உள்ள & குறி மூலத்தில் &ஏஎம்பி; என்று நீட்டி எழுதப்பட்டிருக்கும்; அதை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போனால் சில தளங்கள் படத்தைத் தரும், சில தராது. ஏன் பாதி மட்டும் இறங்குகிறது என்று புரியாமல் நேரம் போகும்.

காலிப் பட்டியல்கூட நல்லதுதான், உடைந்தது தெரிகிறது. மோசமானது பட்டியல்களைக் கோக்கும்போது வரும் பிழை. தலைப்புக்கு ஒரு வடிவம், இணைப்புக்கு ஒன்று, சுருக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக ஓட்டி, மூன்று பட்டியலையும் வரிசைப்படி கோப்பது பலருடைய வழக்கம். பத்துத் தலைப்பு, பத்து இணைப்பு, ஆனால் சுருக்கம் ஒன்பதுதான் என்று வைத்துக்கொள்வோம்; நான்காவது முடிவு சுருக்கமே இல்லாத ஒரு வீடியோ. ஐந்தாவதின் சுருக்கம் நான்காவதின் கீழ் போய் உட்காரும். அங்கிருந்து கடைசிவரை எல்லாம் ஒரு படி தள்ளியே இருக்கும். பட்டியல்களை வரிசையாகக் கோக்கும் பைத்தானின் ஜிப் குட்டையான பட்டியல் தீர்ந்ததும் அமைதியாக நின்றுவிடும் என்பதால் பத்தாவது முடிவு காணாமலே போகும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. பைத்தான் 3.10 முதல் ஜிப்புக்கு ஸ்டிரிக்ட் என்ற விருப்பம் இருக்கிறது. நீளம் பொருந்தாவிட்டால் அது நிறுத்திவிடும். ஒரு சொல்லைச் சேர்ப்பதில் இவ்வளவு பாதுகாப்பு கிடைக்கும்போது ஏன் விட வேண்டும்?

மூன்றையும் ஒரே வடிவமாக எழுதினாலும் தப்பிக்க முடியாது. `.*?` "மிகக் குறைவாக எடு" என்ற பொருள் தந்தாலும், பின்னால் வரவேண்டியது கிடைக்கும்வரை அது நீண்டுகொண்டே போகும். சுருக்கமில்லாத முடிவைத் தாண்டி அடுத்த முடிவின் சுருக்கம்வரை நீண்டு, நடுவில் இருந்த தலைப்பையும் இணைப்பையும் விழுங்கிவிடும். இதற்கு ஒரே மருந்து, முதலில் பக்கத்தை முடிவுக்கு ஒன்றாகத் துண்டு போட்டுவிட்டு, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் தனியாகத் தேடுவது. துண்டில் சுருக்கம் இல்லையென்றால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், மற்றது நகராது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெகெக்ஸ் வேகமானது என்று பொதுவாகச் சொல்வார்கள், வடிவம் நல்லபடி அமைந்தால் உண்மைதான். பொருந்தாதபோது பின்வாங்கி வேறு வழியில் தேடும் இயந்திரங்களில், அதாவது பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா போன்றவற்றில் இருப்பவற்றில், `.*` ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் பொருந்தாத உரையில் நேரம் எகிறிவிடும். 2019 ஜூலை 2 அன்று வலைத்தளங்களைப் பாதுகாத்து வேகப்படுத்தும் க்ளவுட்ஃப்ளேர் சேவை உலகம் முழுக்க 27 நிமிடம் தடுமாறியதற்குக் காரணம் இப்படிப்பட்ட ஒரே ஒரு வடிவம்தான். தேடல் பக்கம் பெரிதாகவும் ஒரே வரியாகவும் வரக்கூடியது. அதில் எந்த எழுத்தையும் பிடிக்கும் `.` குறியை வரி முறிவையும் தாண்ட விட்டு மூன்று நான்கு `.*?` அடுக்கினால் சோதனைப் பக்கத்தில் ஓடியது நிஜப் பக்கத்தில் உறைந்து நிற்கும். `.*?` இடத்தில் `[^"]*` போல எல்லை தெரிந்த வடிவம் போடுவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். கூகுளின் ஆர்இ2 இயந்திரம் உரையின் நீளத்துக்கு ஏற்ற நேரத்துக்குள் முடித்துவிடும். பதிலுக்கு முன்நோக்கு, பின்நோக்கு (முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது), முன்பு பிடித்ததையே மீண்டும் சுட்டுவது ஆகியவை அதில் கிடையாது.

தமிழ் முடிவுகளை எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு குழி உண்டு. பைத்தானின் உள்ளமைந்த ரெகெக்ஸில், சொல்லெழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூ நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. "தமிழ்" என்ற சொல்லில் அதை ஓட்டிப் பாருங்கள்: "தம" ஒரு துண்டு, "ழ" ஒரு துண்டு, இகரக் குறியும் புள்ளியும் போயே போய்விடும். ஜாவாஸ்கிரிப்டில் அதே குறி எந்தத் தமிழ் எழுத்தையும் தொடாது. தமிழ்த் தலைப்பைப் பிடிக்க எழுத்து வகையை நம்பாமல், அது எங்கே முடிகிறதோ அந்த எல்லைக் குறிவரை எடு என்று எழுதுவதே நல்லது. இணைப்புக்குள் வரும் தமிழ் இன்னொரு கதை. ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு % குறியோடு வரும். அதைப் பிரிக்காமல் நீளத்துக்கு வரம்பு வைத்தால் முகவரி பாதியில் அறுந்துவிடும்.

பார்சர்

பார்சர் என்பது ஹெச்டிஎம்எல்லைப் படித்து மரமாகக் கட்டித் தரும் லைப்ரரி. பைத்தானில் 2004-ல் வந்த பியூட்டிஃபுல் சூப், வேகத்துக்குப் பெயர்போன எல்எக்ஸ்எம்எல், ஜாவாவில் ஜேசூப், நோட்.ஜேஎஸ்ஸில் சீரியோ. எதை எடுத்தாலும் மேலே சொன்ன வரிசை, மேற்கோள், & குறித் தொல்லைகள் தீர்ந்தன. மூடாத டேகை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை ஹெச்டிஎம்எல்5 தரமே விதியாக எழுதி வைத்திருக்கிறது. அந்த விதிப்படி நடக்கும் பார்சர் ப்ரௌசர் கட்டும் அதே மரத்தைக் கட்டும். முக்கியமாக, பட்டியல்களைக் கோக்கும் பிழை வராது. ஒரு முடிவின் பெட்டியைப் பிடித்து அதற்குள்ளேயே தலைப்பையும் இணைப்பையும் தேடுவது பார்சரில் இயல்பான நடை.

ஆனால் தேடல் பக்கங்களில் பார்சர் எல்லாரும் சொல்லும் அளவுக்குக் காப்பாற்றாது. பெரிய தேடுபொறிகளின் கிளாஸ் பெயர்கள் (டேகுகளுக்கு இடும் வகைப்பெயர்கள்) கருவி உருவாக்கிய பொருளற்ற எழுத்துக் கோவைகள். அவை மாறிக்கொண்டே இருக்கும். அதை வைத்துச் செலக்டர் (எந்தப் பகுதி வேண்டும் என்று பார்சரிடம் சொல்லும் குறிப்பு) எழுதினால் ரெகெக்ஸ் உடைகிற அதே நாளில் இதுவும் உடையும். கிளாஸை விட்டு அமைப்பைப் பிடிக்க வேண்டும்: "தனக்குள் மூன்றாம் நிலைத் தலைப்பைக் கொண்ட இணைப்பு" என்பது கூகுளின் வலை முடிவுகளில் கிளாஸ் பெயர்களைவிட நீண்ட காலம் தாக்குப்பிடித்த அடையாளம். டக்டக்கோ தேடுபொறியின் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத பக்கம் போன்ற எளிய பக்கங்களுக்குப் பார்சரே போதும். அங்கேயும் இணைப்புகள் ஒரு திருப்பிவிடும் முகவரிக்குள் மறைந்திருக்கும், உண்மையான முகவரியை அதன் வினவல் பகுதியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அதற்கும் ரெகெக்ஸ் வேண்டாம், எந்த மொழியிலும் யூஆர்எல்லைப் பிரிக்கும் லைப்ரரி இருக்கிறது.

படம் என்று வந்தால்

படத் தேடலில் கணக்கே மாறுகிறது. கூகுள் படத் தேடல் 2001-ல் வந்தது. ஒரு காலத்தில் ஒவ்வொரு சிறுபடத்தின் இணைப்பிலேயே மூலப் படத்தின் முகவரி ஒரு அளபுருவாக (பாராமீட்டராக) இருந்தது. ஒரு வரி ரெகெக்ஸ் போதும். பிறகு ஒவ்வொரு படத்தோடும் ஒரு சின்ன ஜேசன் (தரவை நிரல்கள் படிக்கும்படி எழுதும் வடிவம்) துண்டு ஒளிந்திருந்தது. 2020 தொடக்கத்தில் அதுவும் போய், தரவு முழுவதும் ஸ்கிரிப்ட் டேகுக்குள் பெயரில்லாத அணிகளாக, அதாவது வெறும் மதிப்புப் பட்டியல்களாக, புகுந்தது. அப்போது பலர் நம்பியிருந்த படம் இறக்கும் கருவிகள் ஒரேயடியாகக் காலிக் கோப்புறையைத் தந்தன.

இந்த அமைப்பில் வெறும் பார்சரால் பயன் குறைவு. பட டேகுகளைப் பிடித்தால் கிடைப்பது சிறுபடங்கள்தான்; சில கூகுளின் சிறுபட சர்வர் முகவரி, சில பேஸ்64 என்ற எழுத்துக் கோவையாகப் பக்கத்துக்குள்ளேயே பொதிந்தவை. மூலம் ஸ்கிரிப்டுக்குள் இருக்கிறது, ஸ்கிரிப்ட் பார்சருக்கு வெறும் நீள உரை. இங்கேதான் ரெகெக்ஸ் தன் இடத்தில் நிற்கிறது:

`\["([^"]+)",([0-9]+),([0-9]+)\]`

முகவரி, ஓர் எண், இன்னோர் எண். அந்த அணிகளின் உருவம் இதுவே. இதை ஓட்டினால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரும், ஒன்று சிறுபடம், ஒன்று மூலம். சிறுபட சர்வரின் பெயர் உள்ளதைக் கழித்துவிட வேண்டும். எண்களில் உயரம் முதலில், அகலம் அடுத்து. நாம் 1920×1080 என்று அகலத்தை முன்னால் சொல்லிப் பழகியவர்கள், கிடைத்த வரிசையில் அப்படியே சேமித்தால் அகலப் படம் எல்லாம் நெட்டைப் படமாகப் பதிவாகும், வடிகட்டியும் தலைகீழாக வேலை செய்யும். முகவரிக்குள் இருக்கும் = குறி பின்சாய்கோடு-யு-003டி என்று எழுதப்பட்டிருக்கும்; அதைத் திருப்பாமல் கேட்டால் படம் பெரும்பாலும் கிடைக்காது.

அந்தத் திருப்பும் வேலையைக் கையால் செய்யாமல் இருப்பதற்குத்தான் நான் எப்போதும் பரிந்துரைக்கும் கலப்பு வழி: ரெகெக்ஸ் இடத்தைக் காட்டட்டும், ஜேசன் பார்சர் படிக்கட்டும். பைத்தானின் ஜேசன் டீகோடரில் ரா-டீகோட் என்று ஒன்று உண்டு. ஓர் இடத்திலிருந்து படிக்கத் தொடங்கி, முழுமையான ஒரு ஜேசன் எங்கே முடிகிறதோ அங்கே நின்று, மதிப்பையும் நின்ற இடத்தையும் தரும். அடைப்புக்குறிகளை எண்ணும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். தொடக்க இடத்தை மட்டும் ரெகெக்ஸில் பிடித்துக் கொடுத்தால் போதும். அமைப்பு மாறினால் டீகோடர் பிழை எழுப்பி நிற்கும், அல்லது நாம் கேட்ட இடத்தில் மதிப்பு இல்லையென்று நிற்கும். எனக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான்.

பிங்கின் படப் பக்கம் இதற்கு நல்ல எதிர் எடுத்துக்காட்டு. அங்கே படத்துக்கான இணைப்பு டேகின் ஓர் ஆட்ரிப்யூட்டுக்குள்ளேயே முழு ஜேசன் இருந்திருக்கிறது: மூலப் படத்தின் முகவரி, சிறுபடத்தின் முகவரி, படம் இருக்கும் பக்கம் எல்லாம் அதில். பார்சரால் ஆட்ரிப்யூட்டை எடு, ஜேசனாகப் படி, முடிந்தது. ரெகெக்ஸுக்கு வேலையே இல்லை. டக்டக்கோ படத் தேடலில் நேர்மாறு. முதல் பக்கத்திலிருந்து ஒரு டோக்கனை (அனுமதிச் சீட்டு போன்ற குறியீடு) எடுத்து, அதைச் சேர்த்து இன்னொரு முகவரியைக் கேட்டால் சுத்தமான ஜேசன் வரும். அந்த ஒரு டோக்கனுக்காகப் பார்சர் ஏற்றுவது வீண். ரெகெக்ஸ் ஒரு வரி.

ப்ரௌசரையே ஓட்டுவது

நிரல் வழியாக ப்ரௌசரை இயக்கும் கருவிகள்: 2004-ல் தொடங்கிய செலினியம், 2017-ல் வந்த பப்பெட்டியர், 2020-ல் வந்த ப்ளேரைட். 2025 ஜனவரியில் கூகுள் தேடலுக்கு ஜாவாஸ்கிரிப்ட் கட்டாயமானதிலிருந்து, வெறும் கோரிக்கை அனுப்பிப் பக்கத்தை இறக்கி ரெகெக்ஸ் ஓட்டும் பழைய செய்முறைகள் பெரும்பாலும் முதல் படியிலேயே நிற்கின்றன. நீங்கள் பார்க்கும் பழைய நிரல் காலிப் பட்டியல் தந்தால் ரெகெக்ஸைக் குறை சொல்லும் முன், இறங்கிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதில் முடிவுகளே இருக்காது, "ஜாவாஸ்கிரிப்டை இயக்குங்கள்" என்றோ ஒப்புதல் கேட்டோ ஒரு பக்கம் இருக்கும்.

ப்ரௌசர் அந்தச் சிக்கலைத் தீர்க்கும். விலை நினைவகமும் நேரமும். இன்னொன்று, ப்ரௌசர் பக்கத்தைப் பெற்றுத் தருகிறதே தவிர, எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. திரையில் கட்டப்பட்ட மரத்தைச் செலக்டரால் துழாவுவதைவிட, பக்கம் பின்னணியில் வாங்கும் பதில்களைப் ப்ளேரைட் வழியாக ஒட்டுக்கேட்டு, ஜேசன் வந்தால் அதையே எடுப்பது உறுதியானது. மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ச்சா வந்தால் ப்ரௌசராலும் ஒன்றும் ஆகாது.

ஏபிஐ, அல்லது வேறு மூலம்

ஏபிஐ என்பது நிரல்கள் கேட்பதற்கென்றே தேடுபொறி திறந்துவைக்கும் வழி. அது உடையும்போது முன்கூட்டியே தேதி சொல்லி உடையும். இதுதான் அதன் பெரிய பலம், கேலியாகத் தோன்றினாலும். மைக்ரோசாஃப்ட் தன் பிங் தேடல் ஏபிஐக்களை 2025 ஆகஸ்ட் 11 அன்று நிறுத்தியது. அதை அறிவித்துவிட்டுத்தான் செய்தது. கூகுளின் பழைய படத் தேடல் ஏபிஐயும் 2011-லேயே கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்ட ஒன்று. கூகுளின் கஸ்டம் சர்ச் ஏபிஐயில் நாளுக்கு 100 தேடல் இலவசம், அதற்குமேல் 1000 தேடலுக்கு 5 டாலர் என்பது நெடுநாள் கணக்காக இருந்தது. ஒரு கோரிக்கைக்கு 10 முடிவு, ஒரு தேடலுக்கு மொத்தம் 100-க்கு மேல் தராது. பிரேவ் தேடுபொறி தன் சொந்த அட்டவணையை வைத்து ஏபிஐ தருகிறது. எதைத் தேர்ந்தாலும் புதியவர்களை இன்னும் சேர்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

நடுவழியாக சியர்எக்ஸ்என்ஜி இருக்கிறது. உங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளும் திறமூலத் தேடல் திரட்டி. உள்ளே அதுவும் பக்கங்களைப் பிரித்துத்தான் எடுக்கிறது, ஆனால் உடைந்ததைச் சரிசெய்யப் பலர் இருக்கிறார்கள். ஜேசனில் பதில் தரும். அந்த வடிவம் இயல்பில் அணைந்திருக்கும், அமைப்புக் கோப்பில் திறந்துவிட வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது "கூகுளில் வரும் படங்கள்" அல்ல, வெறும் "படங்கள்" என்றால் தேடல் பக்கத்தின் பக்கமே போக வேண்டாம். விக்கிமீடியா காமன்ஸ், ஓப்பன்வெர்ஸ் என்ற திறந்த உரிமப் படக் களஞ்சியங்கள் இரண்டுக்கும் ஏபிஐ உண்டு, ஒவ்வொரு படத்தோடும் உரிமத் தகவலும் வரும். தேடுபொறியில் எடுத்த முகவரி அந்தப் படத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் தருவதில்லை; பயிற்சித் தரவோ வெளியிடப்போகும் பக்கமோ என்றால் இந்த ஒரு காரணமே போதும்.

சட்டப் பக்கமும் இந்த முடிவில் ஓர் எடைதான். நிரல்கள் எங்கே போகலாம் என்று தளம் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு 1994-ல் ஒரு வழக்கமாகத் தொடங்கி, 2022-ல் ஆர்எஃப்சி 9309 என்ற ஆவணமாக இணையத் தரமானது. கூகுளின் ரோபோட்ஸ் கோப்பு தேடல் முடிவுப் பாதையை நிரல்களுக்குத் தடுத்திருக்கிறது. அமெரிக்காவில் லிங்க்ட்இன் பக்கங்களிலிருந்து தரவு எடுத்த ஹைக்யூ நிறுவனத்துக்கும் லிங்க்ட்இன்னுக்கும் நடந்த வழக்கில் 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், எல்லாருக்கும் திறந்திருக்கும் பக்கங்களை எடுப்பது கணினி ஊடுருவல் சட்டத்தை மீறியதாக இருக்க வாய்ப்பில்லை என்ற பக்கம் சாய்ந்தது. அதே ஆண்டில் கீழ் நீதிமன்றம், ஹைக்யூ பயனர் ஒப்பந்தத்தை மீறியது என்றது. "பொதுவில் இருக்கிறது, எடுக்கலாம்" என்பவர்கள் முதல் பாதியை மட்டுமே சொல்வார்கள்.

எதற்கு எது

ஒரே ஒருமுறை, கண்ணால் சரிபார்க்கக்கூடிய அளவு: ப்ரௌசரில் பக்கத்தைத் திறந்து, மூலத்தைச் சேமித்து, ரெகெக்ஸ் ஓட்டுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பார்சர் அமைப்பது வேலையைவிட ஆயத்தம் பெரிதாகப் போவது.

வாரந்தோறும் ஓடும், நீங்களே பார்க்கும் சிறு நிரல்: வலை முடிவுக்குப் பார்சர், படத்துக்கு ரெகெக்ஸும் ஜேசனும் கலந்த வழி, பக்கம் வரவே இல்லையென்றால் மட்டும் ப்ரௌசர். வாடிக்கையாளர் கையில் போகும் எதற்கும் ஏபிஐதான். பணம் அதிகம் என்று தோன்றினால், நடு இரவில் உடைந்ததைச் சரிசெய்யும் ஆளின் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் படம் சேர்ப்பவர்கள் மேலே சொன்ன உரிமம் தெளிவான மூலங்களுக்குப் போகட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ரெகெக்ஸைத்தான் வைத்துக்கொள்வேன் என்பவர்களுக்கு மூன்று காவல்கள். முடிவு இத்தனைக்குக் குறைந்தால் நிறுத்து என்ற கீழ்வரம்பு. எப்போது தேடினாலும் இந்தத் தளம் வந்தே தீரும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு சொல்லை ஒவ்வொரு ஓட்டத்திலும் முதலில் தேடி, அது வரவில்லையென்றால் மற்றதை ஓட்டாமல் இருப்பது. மூன்றாவது, பிரிப்பதற்கு முன் இறங்கிய பக்கத்தை அப்படியே வட்டில் வைப்பது. வடிவத்தைத் திருத்தியதும் அந்தக் கோப்புகள் மேலேயே மறுபடி ஓட்டிக்கொள்ளலாம், தேடுபொறியை இன்னொருமுறை தட்ட வேண்டியதில்லை.